பவனா ஏரிக்கரைக் கூடாரத்தில் குடும்பத்தோடு ஓர் இரவு: போகலாமா?

லோனாவாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பவனா ஏரிக்கரையில் குழந்தை குட்டிகளோடும் வயதானவர்களோடும் கூடாரம் போட்டுத் தங்க முடியுமா என்று மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகத் தங்கலாம். டிசம்பரில் நாங்கள் போய் வந்த இடத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். மீதி ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன். ஆனால் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை மட்டும் விடாமல் கேளுங்கள்: கழிப்பறை எப்படி இருக்கிறது, ராத்திரி பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும். சாப்பாடு, பார்பிக்யூ, கேம்ப் ஃபயர் எல்லாம் பவனாவில் எந்த முகாமுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ராத்திரி நன்றாக அமைவதும் பாழாவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

போனது நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை (என் மாமியார்), அப்புறம் முலுண்டில் இருக்கும் அண்ணன் குடும்பம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. அண்ணன் மகளுக்கு நான்கு வயது. இந்த இரண்டு பேருக்கும் சரிப்பட்டால் மற்ற எல்லோருக்கும் சரிப்படும் என்று வைத்துத்தான் இடம் தேடினோம்.

முகாமின் பெயரை எழுதவில்லை. அங்கே ஒரே வயலை நாலு ஏஜென்ட் நாலு பெயரில் விற்கிறார்கள், ஒரே படத்தை எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள், பெயரை நம்பித் தேடினால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள். எங்களுக்கு முதலில் மாட்டிய ஏஜென்ட் அப்படித்தான். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கூடாரம் நிற்கிற மாதிரி படம் அனுப்பினார், இடத்தின் லொகேஷனைக் கேட்டதும் "வந்துசேருங்கள், ஆள் வந்து கூட்டிப்போவார்" என்று மழுப்பினார். அவரிடம் பணம் கட்டாமல் விட்டோம். கடைசியில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்று தன் சொந்த நிலத்தில் நடத்தும் முகாம் கிடைத்தது. அவர்களுடைய பையன் வாட்ஸ்ஆப் வீடியோ காலிலேயே கூடாரம் இருக்கும் மேடை, கழிப்பறை, கார் நிறுத்துமிடம், தண்ணீர் வரைக்கும் நடந்து காட்டினான். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் திக்கோனா கோட்டையின் முக்கோண முகடு தெரியும். நீங்களும் பதிவு செய்கிற அன்று வீடியோ கால் கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வழியைப் பற்றிச் சுருக்கமாக. செம்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பன்வேல் தாண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் லோனாவாலா வரை யோசிக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் மட்டும் கண்டாலா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். எக்ஸ்பிரஸ்வேயின் முழு நீளத்துக்கும் காருக்கு டோல் 320 ரூபாய், 2023 ஏப்ரலில் உயர்த்தியது. தாதர், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் சிவ்ரியில் அடல் சேது ஏறிப் போகலாம், 2024 ஜனவரியில் திறந்த அந்தப் பாலத்துக்குத் தனியாக 250 ரூபாய் ஆகும், ஆனால் வாஷி நெரிசல் இல்லை. லோனாவாலாவிலிருந்து கடைசி இருபது கிலோமீட்டரில்தான் கவனம் வேண்டும். துதிவரே கணவாய் வழியாக ஏறி இறங்கும் சாலை குறுகல், எதிரே மினி பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். காரில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் லோனாவாலாவில் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள், அந்தச் சாலையில் விளக்குக் கிடையாது. கார் இல்லாதவர்கள் இந்திராயணி எக்ஸ்பிரஸில் லோனாவாலாவில் இறங்கி வண்டி பேசிக்கொள்ளலாம். திரும்பி வருவதற்கும் அதே ஆளிடம் அப்போதே பேசி முடித்துவிடுங்கள், ஏரிப்பக்கம் ஓலா, ஊபரை நம்பி இறங்கக் கூடாது.

சரி, கழிப்பறைக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, பெண்களும் வயதானவர்களும் இப்படிப்பட்ட இடங்களுக்கு வரத் தயங்குவதே இதனால்தான். எங்கள் முகாமில் பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்களுக்குத் தனி வரிசை, இரண்டுக்கும் நடுவில் சுவர். பெண்கள் பக்கத்தில் ஒன்று வெஸ்டர்ன், மற்றவை இந்திய முறை. எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது, உள்ளே துணி மாட்ட ஆணி இருந்தது, குப்பைக்கூடை மூடியோடு இருந்தது, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் எரிகிற விளக்கு இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை அந்த வீட்டு மருமகள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனதைப் பார்த்தேன். காலையில் வெந்நீர் விறகு அடுப்பில் போட்டுப் பக்கெட்டில் தருகிறார்கள், குளிக்கப் போதும்.

நட்சத்திரம் குறைந்தது அந்தக் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான். கூடார மேடையிலிருந்து மேலே ஏற மண்ணை வெட்டிப் படி செய்து, ஓரத்துக்குக் கல் வைத்திருக்கிறார்கள். பாதிக் கல் ஆடுகிறது. கைப்பிடி இல்லை. மேலே ஒரு பல்ப், கீழே ஒரு பல்ப், நடுப்படிகளில் இருட்டு. பகலில் பிள்ளைகள் அதில் ஓடி விளையாடினார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை அதில் ஏற வேண்டும் என்றால் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் நான். வயதானவர்களை வரவேற்கிறோம் என்று சொல்கிற இடத்தில் முதலில் சரிசெய்திருக்க வேண்டிய விஷயம் இது.

அத்தைக்குக் கூடாரம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம். இரண்டு பேர் படுக்கிற சின்னக் கூடாரத்தின் வாசல் இடுப்பு உயரம்கூட இருக்காது, முட்டிபோட்டுத் தவழ்ந்து நுழைந்து, எழும்போது கையை ஊன்றி எழ வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. இதே முகாமில் ஏ வடிவ மரக்குடில் இரண்டு இருக்கின்றன, கட்டில், மின்விசிறி எல்லாம் உண்டு. குளியலறை ஒட்டியே கட்டிய குடிலை எங்களுக்கு முன்னாலேயே யாரோ எடுத்துவிட்டார்கள், கிடைத்தது குளியலறை இல்லாத குடில், அதனால்தான் அந்தப் படி ஏறுகிற வேலை வந்தது. நீங்கள் பதிவு செய்யும்போது முதலில் குளியலறையுள்ள குடில் எந்தத் தேதியில் காலியாக இருக்கிறது என்று கேட்டு, அதை வைத்து மற்றவற்றை முடிவு செய்யுங்கள்.

எங்கள் கூடாரங்கள் சுத்தமாக இருந்தன. கீழே தார்ப்பாய், மேலே மெத்தை, துவைத்த உறை போட்ட தலையணை, ஆளுக்கொரு ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை). ஜிப் இரண்டும் சிக்காமல் ஓடியது. கூடாரத்தைத் திறந்தவுடன் ஜிப்பை முதலில் சோதித்துப் பாருங்கள், ஜிப் சிக்கினால் கொசு ராத்திரி முழுக்க உள்ளே வரும். விடியற்காலையில் இன்னொன்று நடக்கும், முதல் தடவை போகிறவர்கள் கூடாரம் ஒழுகுகிறது என்று பயந்துவிடுவார்கள். கூரையின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாய் நீர் முத்து கோத்திருக்கும், கை பட்டால் சரமாக முகத்தில் கொட்டும். நாலு பேர் மூச்சுக்காற்றின் ஈரம் போக வழியில்லாமல் மேலே போய், வெளிக்குளிரில் சில்லிட்ட துணியில் தண்ணீராகப் படிகிறது, அவ்வளவுதான். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இறுக்கி மூடினால் இது அதிகமாகும். வலை போட்ட மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, பிள்ளைகளின் போர்வை பக்கவாட்டுத் துணியைத் தொடாமல் நடுவில் தள்ளிப் படுக்க வைத்தால் போதும்.

குளிரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் கேட்டு நச்சரித்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்பிக்யூ முடிந்ததும் மிச்சக் கரி கனன்றுகொண்டிருக்கும் சிக்டியை (கரி அடுப்பை) கூடாரத்துக்குள் வைத்துத் தரச் சொன்னார்கள். முகாம் பையன் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டான், அவனுக்கு என் முழுப் பாராட்டு. மூடின இடத்தில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எந்த முகாமில் இருந்தாலும், எவ்வளவு குளிர் அடித்தாலும், நெருப்பு கூடாரத்துக்கு வெளியிலேயே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காலுக்கு சாக்ஸ், தலைக்கு மஃப்ளர் போதும்.

சாப்பாடு. மாலை ஐந்து மணிக்கு டீயும் காந்தா (வெங்காய) பஜ்ஜியும், இருட்டினதும் பார்பிக்யூ (சிக்கன், இல்லாவிட்டால் பனீரும் உருளைக்கிழங்கும்), ஒன்பது மணிக்குச் சப்பாத்தி, ஒரு காய், பருப்பு, சோறு, அப்பளம், காலையில் போஹா (அவல் உப்புமா). இதுதான் பாக்கேஜ், எல்லா இடத்திலும் இதுதான். சைவம் தனி அடுப்பில் செய்தார்கள், எங்களுக்கு அது முக்கியம், கேட்டுக்கொண்டதற்காக அத்தையைச் சமையலறைக்குள்ளேயே கூட்டிப்போய்க் காட்டினார்கள். பாக்கேஜில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம், பவனாவுக்கு யார் போனாலும் அதைக் கேட்கச் சொல்வேன்: பிட்லா பாக்ரி, அதாவது கடலைமாவுக் குழம்பும் அரிசி ரொட்டியும். அந்த வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி) அரிசி மாவை வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, உருண்டையை மரத்தட்டில் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுற்றினார். கை பட்ட இடமெல்லாம் தேங்காமல் நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் முழுநிலா மாதிரி வட்டமாய் விரிந்துவிட்டது. அதைத் தூக்கி மண் சட்டியில் போட்டு, மேற்பக்கம் தண்ணீர் தடவி, ஓரம் கிளம்பினதும் திருப்பி, கடைசியாக நேராகத் தணலில் வைத்தார், குப்பென்று உப்பியது. கூடவே பூண்டும் கடுகும் தாளித்த கடலைமாவுப் பிட்லா, பச்சைமிளகாய் இடித்த டேச்சா, வெட்டாமல் கையால் குத்தி உடைத்த வெங்காயம். அண்ணன் இரண்டாவது பாக்ரி கேட்டபோது மாவ்ஷி சிரித்துக்கொண்டே, "வெயிலில் சுற்றினவன் மூன்று சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது" என்றார். டேச்சா நம் நாக்குக்கே காரம்தான், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணிச் சாப்பாடு ரொம்ப லேட். ஏழு மணிக்கே அவர்களுக்குப் பசிக்கும், எட்டரைக்குத் தூங்கி வழியும். மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் புளியோதரையும் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தோம், கஷ்டமில்லாமல் போயிற்று. தயிர்சாதம் டிசம்பரில் தாங்கும், மார்ச்சுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள், பால் ஊற்றிப் பிசைந்து கொஞ்சமாய் உறை குத்திக்கொண்டு போனாலும் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

இனி சத்தம். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் முகாமுக்கு நான்கு நட்சத்திரம் தகும். ஏரியைச் சுற்றி வரிசையாக முகாம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர், சனிக்கிழமை ராத்திரி தண்ணீரின் மேல் சத்தம் தடையில்லாமல் வரும், அக்கரையில் போடுகிற பாட்டின் வரிகூடக் கேட்கும். வெளியிடத்தில் ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன, ஆனாலும் பல இடத்தில் பன்னிரண்டு வரை போகிறது என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். எங்கள் முகாம்காரர் பத்து அடித்ததும் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். குடும்பங்களை ஒரு பக்கமும் இளைஞர் கூட்டத்தை இன்னொரு பக்கமும் பிரித்தே கூடாரம் ஒதுக்குகிறார். நாங்கள் போனது வியாழக்கிழமை, அதனால் சுற்றுவட்டாரமே அமைதியாக இருந்தது. விடுமுறையில் பிள்ளைகளுக்கு எந்த நாளும் ஒன்றுதான், ஒரு நாள் லீவு போட்டு வார நாளில் போங்கள், கட்டணமும் குறைவு.

பாட்டு நின்றதும் கிடைத்ததை மும்பையில் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. அமாவாசையை ஒட்டித் தேதி பார்த்திருந்தோம். செம்பூரில் எங்கள் மாடியிலிருந்து விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் நட்சத்திரம் தெரியும். அங்கே அத்தை போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, உச்சிக்குப் பக்கத்தில் கொத்தாய் இருந்த கார்த்திகையை முதலில் காட்டினார், அப்புறம் கிழக்கே மேலேறிக்கொண்டிருந்த மிருகசீரிஷம், அதன் பக்கத்தில் சிவந்து தெரிந்த திருவாதிரை. என் பெரியவனின் நட்சத்திரம் திருவாதிரை. ஜாதகத்தில் மட்டும் கேட்டிருந்த பெயரை வானத்தில் பார்த்ததும் அவன் நம்பவே இல்லை, "பாட்டி, நிஜமாவே இதுதான் என்னுடையதா?" என்று மறுபடி மறுபடி கேட்டான். அத்தை தன்னுடைய சிறுவயதில் திருநெல்வேலிப் பக்கம் வயல் காவலுக்குப் போன அப்பா, நட்சத்திரத்தை வைத்தே மணி சொல்வார் என்று ஆரம்பித்து, பிள்ளைகள் கேட்டிராத கதைகளாய்ச் சொல்லிக்கொண்டே போனார். இதற்காகத்தான் குடும்பத்தோடு போகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் அலறுகிற முகாமில் இது நடக்கவே நடக்காது.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். பவனாவை ஏரி என்று சொல்கிறோம், ஆனால் அது அணை கட்டித் தேக்கின நீர்த்தேக்கம், பிம்ப்ரி சிஞ்ச்வடுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. கரையில் முழங்கால் அளவு இருக்கிற மாதிரி தெரியும், இரண்டு அடி தள்ளி வைத்தால் சரிவு, அடியில் கால் புதைகிற சேறு. நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே மூழ்கிப்போன செய்தி அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. காயக் ஓட்ட வைத்திருக்கிறார்கள், லைஃப் ஜாக்கெட்டும் தருகிறார்கள், ஆனால் பெரியவர்கள் அளவில்தான் இருந்தது. பெரிய ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை அதன் வழியாக நழுவிக் கீழே போகும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் பிள்ளைக்கானது இல்லை. குழந்தைகள் அளவு ஜாக்கெட் வாங்கி வையுங்கள் என்று முகாம்காரரிடம் நேராகவே சொன்னோம். குடிநீர் என்பதால் அங்கே பாத்திரம் கழுவுவது, சோப்புப் போட்டுக் குளிப்பது எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் அண்ணனும் என் கணவரும் பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லோஹகட் கோட்டைக்குப் போய் வந்தார்கள். லோஹகட்வாடி ஊரிலிருந்து நல்ல கல்படிகள், கணேஷ், நாராயண், ஹனுமான், மகா என்று வரிசையாக நான்கு வாசல்கள், மேலே ஏறினால் விஞ்சுகாட்டா என்கிற தேள்கொடுக்கு மாதிரி நீண்டு போகும் முனை. சிவாஜி 1670-இல் திரும்பப் பிடித்த கோட்டை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகட்டும் ஒன்று, அதே பன்னிரண்டில் நம் செஞ்சியும் ஒன்று, மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள், பதினொரு மணிக்கு முகாமைக் காலி செய்ய வேண்டும் என்பதால் ஆறரைக்கே கிளம்பினால்தான் சரியாக வரும்.

எந்த மாதம் என்று கேட்டால், அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை முடிந்து ஏரி ததும்பி நிற்கும், ஆரம்பத்தில் மலையும் பச்சையாக இருக்கும். ஏப்ரல், மே மாதம் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, ஏரிக்கரை என்று பணம் கட்டின இடத்துக்கு முன்னால் வெடித்த சேறுதான் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். அந்தப் பக்கத்து அருவிகளும் மேகமும் அழகுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா புஷி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில் திடீரென்று பெருகின வெள்ளத்தில் ஒரே குடும்பத்துப் பெண்ணும் நான்கு குழந்தைகளும் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தபின் மழைக்காலத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகமே தடை உத்தரவு போடுவதும் உண்டு.

பவனா கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பண்டார்தரா. பிரவரா ஆற்றில் வெள்ளைக்காரர்கள் கட்டி 1926-இல் முடித்த வில்சன் அணை, அதன் பின்னால் ஆர்தர் ஏரி, பக்கத்திலேயே மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம் கள்சுபாய், 1,646 மீட்டர். பவனாவைவிடத் தூரம், ஆனால் 2025 ஜூனில் சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி திறந்ததிலிருந்து இகத்புரி வரை பயணம் ரொம்பச் சுலபமாகிவிட்டது, நடுவில் வரும் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் சுரங்கத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். மே கடைசியில், முதல் மழைக்கு முன்னால், மரம் முழுக்க மின்மினி மின்னுவதைப் பார்க்கவே ஜனங்கள் அங்கே போகிறார்கள். ஒரு ராத்திரிக்கு மட்டும் போவதாக இருந்தால் பவனா, இரண்டு ராத்திரி தங்க முடிந்தால் பண்டார்தரா.

கேரவன் வாடகைக்கு எடுத்துப் போகலாமா என்றும் அண்ணன் விசாரித்தார். உள்ளேயே கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் இருக்கிற வண்டி, டிரைவரோடு வரும். மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அத்தை மாதிரி முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ராத்திரி கழிப்பறை நாலு அடியில் இருப்பது பெரிய உபகாரம்தான். பவனாவுக்கு மட்டும் அது ஒத்துவராது. கணவாய்ச் சாலையில் வளைவது கஷ்டம், பல முகாம்களுக்குக் கடைசியில் இறங்குவது மண் பாதையில், கழிவுத்தொட்டியைக் காலிசெய்யவும் தண்ணீர் நிரப்பவும் வசதியான இடம் எங்கள் முகாமில் இல்லை. பண்டார்தராவுக்குக் கேரவனில் போவதானால் வண்டி எங்கே நிற்கும், மின்சாரம் யார் தருவார்கள் என்று தங்குமிடத்தில் எழுத்திலேயே வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

எடுத்துப்போக வேண்டியதில் முக்கியம் ஆளுக்கொரு டார்ச், பெரியவர்களுக்குத் தலையில் மாட்டுகிற டார்ச் என்றால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஓடோமாஸ், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாக, ஒரு பழைய பெட்ஷீட். செருப்பைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், புல்வெளியில் தேளும் பூரானும் சகஜம். கையில் ரொக்கம் வேண்டும். சிக்னல் வந்து வந்து போகிறது, ஜிபேயில் பணம் அனுப்ப மேட்டுக்கு ஏறி நின்று காத்திருந்தோம்.

கூடாரத்தில் தலைக்கு 1,300 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே பாதி, நாலு வயதுக்காரிக்கு எதுவும் வாங்கவில்லை, அத்தையின் குடிலுக்குத் தனியாக 3,500, பிட்லா பாக்ரிக்கு மாவ்ஷி கேட்டது ரொம்பக் குறைவு, நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். கிளம்பும்போது படிகளைப் பற்றி முகாம்காரப் பையனிடம் விவரமாகச் சொன்னோம், கைப்பிடிக்கு மூங்கில் போதும், நடுவில் இரண்டு சோலார் விளக்கு வைத்தால் போதும் என்று அண்ணன் இடத்தையும் காட்டினார். போன வாரம் அண்ணன் தன் நண்பருக்காகப் பேசியபோது விளக்குப் போட்டாயிற்று, ஆடுகிற கற்களுக்குச் சிமென்ட் வைத்தாயிற்று, மூங்கில் கைப்பிடி வேலை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். கைப்பிடியும் வந்துவிட்டால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் சேர்த்து இதைத் திருத்தி எழுதிவிடுவேன். வார நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் இடம் கிடைக்கிறது. டிசம்பர் 31-க்கு மட்டும் யாரும் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக வேண்டாம், அன்றைக்கு எங்கள் முகாம்காரராலும் பத்து மணிக்கு வயரைப் பிடுங்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.